முகவரி, இரண்டாம் வரி

படிவத்தில் முதல் வரி சுலபம்.
பெயர்: ஹெஸ்டர் ஹாக்பென்.
கேட்டிருந்தால் இன்னும் சொல்லியிருப்பேன்:
இடது கைக்காரி. வெங்காயம் ஆகாது.
பெண்கள் பள்ளிக்கான தேர்வில்
வேண்டியதற்கு இரண்டே மதிப்பெண் மேலே.

அடுத்து முகவரி.
சுட்டி அங்கே வந்து நின்று
கண் சிமிட்டுகிறது.

மெட்வே ஆற்றில் ஒரு மிதவை,
மிதவையில் ஒரு சங்கிலி,
சங்கிலி முனையில் நாற்பதடி டச்சுப் படகு.
ஓதம் ஏறினால் எங்கள் வாசல் ஊர்ப்பக்கம்,
வடிந்தால் கடல்பக்கம்.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது
எங்களுக்குப் பழமொழி இல்லை,
காலையில் பள்ளிக்குக் கிளம்பும் விதம்.

கவுன்சிலுக்குப் போன் செய்தேன்.
தூரத்தை எங்கிருந்து அளப்பீர்கள்?
"உங்கள் வாசலிலிருந்து பள்ளிக் கேட் வரை,
நேர்கோட்டில்."
எத்தனை மணி வாசல்?
கொஞ்ச நேரம் பியானோ வாசித்தார்கள்.
பிறகு அதே குரல்,
தபால்காரர் கடிதத்தை எங்கே போடுவார் என்றது.
படகுத்துறை அலுவலகத்தில், பிஸ்கட் டின்னில்
என்றேன்.
மறுபடியும் பியானோ.

போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பெண்ணின் வீடு
மூன்று மைல் சொச்சம்.
அந்தச் சொச்சத்தில்தான்
நாங்கள் மிதக்கிறோம்.

மற்றவர்களுக்கு இரண்டு வருட டியூஷன்.
இவளுக்கு யாரோ எழுதி
ரப்பரால் அழித்த பழைய வினாத்தாள்கள்.
விடைகளின் பள்ளம் தெரியாமலிருக்க
விளக்குக்கு எதிரே பிடிக்காமல் படித்தாள்.
இந்த உருவத்தைத் திருப்பினால் எது வரும்?
அரை நொடி கண்ணை மூடுவாள்.
"நம்ம வீடு தினமும் செய்யறதுதானே, அம்மா."

பள்ளியைச் சுற்றிக் காட்டிய மாலையில்
சுவர் முழுக்கத் தங்க எழுத்தில் பெயர்கள்.
பேட்ஜ் குத்திய பெரிய பெண் ஒருத்தி
எங்கே வசிக்கிறாய் என்று கேட்டாள்.
"மணி என்ன என்பதைப் பொறுத்தது" என்றாள் இவள்.
இருவரும் சிரித்தார்கள்.
நான் பளபளத்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆற்றுச் சேற்றில் எங்கள் தடம்
கதவிலிருந்து மேடை வரைக்கும்.

அக்கா லொரெய்ன் சாவியை நீட்டினாள்.
முடிதிருத்தும் கடைக்கு மேலே ஒற்றை அறை,
பள்ளி மணி கேட்கும் தூரம்.
"எல்லாரும் செய்றதுதான்டி.
ஒருத்தர் இதுக்குன்னே ஆறு மாசம்
வாடகைக்கு எடுத்திருக்கார்."
மூன்று வாரம் அந்தச் சாவி
கோப்பைகள் மாட்டும் கொக்கியில் தொங்கியது.
படகு திரும்பும்போதெல்லாம்
ஒரு கோப்பையைத் தட்டியது.

அக்டோபர் கடைசி நாள். நள்ளிரவோடு கெடு.
கரையில் பேய் வேடமிட்ட பிள்ளைகள்
வீடு வீடாக மிட்டாய் கேட்கிறார்கள்.
எங்களைப் பயமுறுத்தத் துடுப்புப் போட்டு
யாரும் வருவதில்லை.
லொரெய்ன் முகவரியை அஞ்சல் குறியீடு வரை அடித்துவிட்டு
அடித்தளத் தண்ணீர் இறைக்கப் போனேன்.

திரும்பியபோது அது இல்லை.
முதல் வரி: அலிடா, மிதவை எண் பதினேழு.
இரண்டாம் வரி: மெட்வே ஆறு.
அதன் கீழே பச்சை எழுத்தில்
உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.

கத்தினேன்.
என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன்.
தண்ணீர் அதை அக்கரை வரை கொண்டுபோனது,
அங்கே ஒரு நாய் பதில் சொன்னது.

அவள் அழவில்லை.
"பெரியம்மா வீட்டில் எங்கே தூங்குவேன்னு
யாராவது கேட்டா?
அங்கே சோபாகூட இல்லையே."

உண்மை பேசினாளா, கணக்குப் போட்டாளா?
இரண்டுக்கும் பதினோரு வயதில்
ஒரே முகம்.

காலுறையோடு தூங்கிப்போனாள்.
மார்ச் வரை ஒன்றும் தெரியாது.
சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்தேன்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தேன்.

பதினொன்றரைக்கு ஓதம் ஏறத் தொடங்கியது.
சங்கிலி முனகியது. படகு மெல்லத் திரும்பியது.
இப்போது அவள்
பள்ளிக்கு எண்பதடி கிட்டே தூங்குகிறாள்.
விடிவதற்குள்
மறுபடி தள்ளிப் போய்விடுவாள்.