என்னைப் பற்றி இரண்டு நிமிடம்

பெயர் ரோசமேல் குவாய்க்கின்.
வயது நாற்பத்தேழு.
வேலை, சால்மன் கூண்டுகளுக்கு அடியில்:
செத்த மீனை மேலே அனுப்புவது,
வலையில் கிழிசல் தைப்பது.
இவ்வளவுதான் என்று உட்காரப் போனேன்.
"பாட்டு எங்கே, படம் எங்கே?" என்றாள் டீச்சர்.

கெய்யோன் ஊர் இரவுப் பள்ளி.
பிள்ளைகளின் மேசை முழங்காலில் இடிக்கிறது.
தகரக் கூரையை மழை விடாமல் குடைகிறது.
எனக்கு முன்னால் நோல்ஃபா
மகளின் பட்டமளிப்புப் படத்தைக் காட்டி அழுதுவிட்டாள்.
அழுதவளுக்கு அடுத்த ஆளாகப் பேசுவது
எவ்வளவு சங்கடம்.

என் பாட்டு ஒரு கேசட்டில் இருந்தது.
ரேடியோவுக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்து
"எவனும் மூச்சு விடக் கூடாது" என்று
அண்ணன் மிரட்டிப் பிடித்தது.
அக்கார்டியன். ஒரு பெண் குரல்.
ஆப்பிள் பூத்தபோது போனவன்
ஆப்பிள் அழுகியும் வரவில்லை என்று ஏதோ.
முதல் சரணம் முடிந்து அவள் மூச்சிழுக்கிறாள்,
அந்த இடைவெளியில் அறிவிப்பாளர் நுழைந்துவிடுகிறார்:

மெச்சூக்கே தீவில் டெல்ஃபின் பாரியாவுக்கு.
உங்கள் மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள்.
வியாழக்கிழமைப் படகில் வருகிறார்.
துறையில் காத்திருக்கவும்.
குதிரை கொண்டுவரவும்.
அவர் நடக்கக் கூடாது.

பிறகு பாட்டு. அதன் வால் மட்டும்.

அப்போது தீவுகளுக்குப் போன் ஏது?
ரேடியோதான் தபால்காரன்,
ஒரு வீட்டுச் சேதி கடல் முழுக்கக் கேட்கும்.
நாங்கள் அதையும் சேர்த்தேதான் பாடினோம்.
கிழங்கு உரிக்கும்போது அம்மா
"குதிரை கொண்டுவரவும்" என்று இழுப்பாள், ஒரு கமகத்தோடு.
என் கல்யாணத்தில் குடித்துவிட்டு நான் பாடியபோது
"நடக்கக் கூடாது" வந்ததும்
எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

டீச்சர் என்னை முனகச் சொன்னாள்.
அவள் போன் கண்டுபிடித்துவிட்டது.
நாற்பது வருஷத்தில் முதல்முறையாக முழுப் பாட்டு.
இரண்டாம் சரணத்தில் அவன் திரும்பி வருகிறான்.
முத்தம், சாயங்காலம், முடிந்தது.
வகுப்பு கைதட்டியது.
விழுந்த பல்லுக்குப் பதில்
வெள்ளைவெளேரென்று ஒன்றை வைத்துவிட்டார்கள்;
என் நாக்கு மட்டும்
பழைய ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

படம், இது.
கடலில் ஒரு வீடு மிதக்கிறது.
நிஜ வீடுதான்.
நிலத்தை விற்றோம், வீட்டை விற்கவில்லை.
மாடுகள் கரைவரை இழுத்தன,
நீர் ஏறியதும் படகு இழுத்தது.
தொப்பியோடு நிற்பது அப்பா.
கையாட்டுகிற யாரையும் எனக்குத் தெரியாது.
"நீங்க எங்கே இருக்கீங்க?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

உள்ளே.
யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.
எனக்கு எட்டு வயது.
மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன்:
என் உயரத்தை அளந்து கீறிய கதவு நிலையைத்
தண்ணீர் கோடு கோடாகக் குடித்துக்கொண்டே வந்தது.
இரண்டு வயது போயிற்று. மூன்று. நான்கு.
ஆறாவது வயதின் கழுத்தில் நின்றது.

கத்தவில்லை. கத்தினால் அடி.
பாடினேன், அறிவிப்போடு சேர்த்து,
அடுத்த கரை தட்டும்வரைக்கும்
யாருக்கோ சொன்ன சொல்லை
எனக்குச் சொன்னதாக வைத்துக்கொண்டு.

ஆக, இந்தப் படத்தில் தெரியாத ஆள்தான் நான்.
இன்றைக்கும் அப்படித்தான்:
படகில் நிற்பவர்கள் தெரிவார்கள்,
குமிழி மட்டும் என்னுடையது.

நோல்ஃபா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"அந்த மனுஷன் குதிரையோடு போனாரா இல்லையா?"

தெரியாது.
வியாழக்கிழமை மழை என்றால்
இன்னமும் அந்தம்மா முகம்தான், முகமே தெரியாத அந்தம்மா.

"மெச்சூக்கே என் அம்மா ஊர்" என்றான் கடைசி பெஞ்சு.
"அங்கே எவனிடம் குதிரை இருந்தது?
மாட்டுவண்டி கொண்டுபோயிருப்பார்."

இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
முழங்காலை மேசைக்குள் மெல்லத் திணித்து உட்கார்ந்தேன்.
அடுத்தவர் படம் கொண்டுவரவில்லையாம்.
விசில் அடிக்கட்டுமா என்று கேட்டார்.