ஏ-904இன் குதிரை

புயல் கரையைத் தொட ஏழு மணி நேரம் இருந்தது.
அடித்தளப் பார்க்கிங்கில் கணுக்கால் அளவு தண்ணீர்.
பாஸ்டனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஏ-904 சார்:
"டில்லிபாபு, எப்படியாவது பாலத்துல ஏத்திடு."

எப்படியாவது.
எழுபத்தைந்து லட்சத்தை, எப்படியாவது.

உறையை உரித்தேன்.
வெள்ளிக் குதிரை இடப்பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது,
நின்ற இடத்திலேயே, எட்டு மாதமாக.
ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுவது என் வேலை.
நகர்த்தியதில்லை.

சார் ஒருமுறை சொன்னார்:
இது பணக்காரன் வண்டியே இல்ல, தெரியுமா?
அறுபத்து நாலில் அங்கே இதன் விலை
இரண்டாயிரத்து முந்நூற்று அறுபத்தெட்டு டாலர்.
பள்ளிக்கூட டீச்சர் வாங்கினாள், டைப்பிஸ்டு வாங்கினாள்,
மீசை சரியாக முளைக்காத பையன்கள் வாங்கினார்கள்,
மாசத் தவணையில்.
அடியில் கிடந்தது ஒரு சாதுவான குடும்பக் காரின் எலும்புக்கூடு.
மேலே நீள மூக்கு, குட்டை வால்.
"ஆசைக்குத் தகரம் போதும்ப்பா" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. தகரம் எனக்குத் தெரியும்.
மறைமலை நகரில் பதினோரு வருஷம்
அதே நீல முட்டைச் சின்னத்துக்கு
வலப்பக்கக் கதவு மாட்டியவன்.
கீல், போல்ட், முறுக்கு, ஒரு 'டக்'.
அடுத்தது.
கடைசி வண்டி வெளியே போன அன்று
கையுறையை எங்கே கழற்றி வைப்பதென்று தெரியாமல்
போட்டபடியே பஸ் ஏறினேன்.

பட்டனை அழுத்தினேன்.
எட்டு சிலிண்டரும் ஒன்றாகத் தொண்டையைச் செருமின.
சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் வட்டம் வட்டமாய் நடுங்கியது.
ரேம்ப்பில் கோணலாக ஏற்றினேன், வயிறு தட்டாமல்,
கர்ப்பிணியைப் படியேற்றுகிற மாதிரி.

தெருவில் எல்லோருமே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.
இருபது கிலோமீட்டர் வேகம்.
எனக்கு முன்னால் ஒரு மீன்பாடி வண்டி,
அதில் பிரிட்ஜ், மெத்தை, ஒரு கிழவர், ஒரு கிளிக்கூண்டு.
ஹார்ன் அடிக்க மனசு வரவில்லை.
வேளச்சேரியின் வேகத்தடைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.
பதினாலில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

சார் சொன்ன மிச்சக் கதை ஞாபகம் வந்தது.
வருஷத்துக்கு வருஷம் ஊதிப் பெருத்துப்போனதாம் இந்தக் குதிரை.
அப்புறம் பெட்ரோல் பஞ்சத்தில்
நாலு சிலிண்டராய் ஒடுங்கி, ஊரே கேலி பேசியதாம்.
ஒடுங்கினதையும் லட்சக்கணக்கில் வாங்கினார்களாம்.
எனக்கு அந்த வருஷத்து வண்டியைத்தான் பிடித்தது.
அதைச் சாரிடம் சொல்லவில்லை.

விஜயநகர் மேம்பாலம் ஏறும் இடத்தில்
முன்னால் ஐம்பது அடி காலி.
மிதித்தேன்.
ஒரே ஒரு முறை.
முதுகு சீட்டோடு ஒட்டியது,
பின்சக்கரம் ஈரத்தில் இடுப்பை ஆட்டியது,
காலை எடுத்துவிட்டேன்.
இரண்டு நொடி இருக்கும்.
கை நடுங்கியது; யாரும் பார்க்கவில்லை.

மேலே வரிசையாகக் கார்கள், இன்டிகேட்டர் மினுக்கிக்கொண்டு.
வேல் ஸ்டிக்கர் ஒட்டிய ஆல்ட்டோவுக்கும்
ஒரு வெள்ளை ஈக்கோஸ்போர்ட்டுக்கும் நடுவே இடம்.
செருகினேன்.
கீழே நாராயணபுரம் ஏரி எங்கே முடிகிறது
தெரு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

ஈக்கோஸ்போர்ட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள்,
தோளில் தூங்குகிற குழந்தை, கையில் பிளாஸ்க்.
குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அண்ணே, இது எவ்ளோ?"

"ரெண்டாயிரத்து முந்நூத்து அறுபத்தெட்டு."

"மாசத்துக்கா?"

நான் ஆமாமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை.
பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை தூக்கல்.
குழந்தை சிணுங்கியது.
வண்டிக்குள் போய் வலப்பக்கக் கதவைச் சாத்தினாள்.

டக்.

மழையில் கூட எனக்குக் கேட்டது.