பெரட்டு

பீடோர் டவுனில் தகரக் கொட்டகை.
மூன்றாம் வகுப்பு பெஞ்சு, இருபத்தைந்து காசு.
சம்பளம் போட்ட சனிக்கிழமை
லூர்துவும் நானும் போனோம்.
பட்டாளத்துப் பொம்பளைகள் ஆடுகிறார்களாம்,
அமெரிக்கப் படமாம்.
சைக்கிள் கடை ஏகாம்பரம்தான் சொன்னான்,
கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

இங்கிலீஷ் தெரியாது எங்களுக்கு.
தெரிந்துதான் என்ன.
சுருட்டை முடிக்காரி ஒருத்தி
பதினோரு பெட்டியோடு முகாமுக்கு வந்து இறங்குகிறாள்.
சார்ஜெண்ட் அம்மா பெட்டிகளை எண்ணி எண்ணி
நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள்.
கொட்டகையே சிரித்தது. நானும்.
எனக்கு சிங்கப்பூரில் கொடுத்தது ஒரே பை.
அதில் பாதி இடம்
வெட்டின என் பின்னலுக்குப் போயிற்று.
தூக்கிப் போட மனசில்லை.

தண்டனைக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறாள்,
உரித்துக்கொண்டே பாடுகிறாள்,
கூடவே கத்திகள் தாளம் போடுகின்றன.
மேமியோ ஆஸ்பத்திரியில் நாங்கள் உரித்தது
புண்ணோடு ஒட்டிப்போன துணி.
அங்கேயும் பாடினோம், பொய் சொல்லக் கூடாது.
கத்துகிறவன் சத்தம் கேட்காமல் இருக்க.

அணிவகுப்பில் அவள் தப்புக் கால் வைத்தாள்.
சீட்டுக்கட்டு சரிகிற மாதிரி
வரிசை முழுக்கச் சரிந்தது.
"துப்பாக்கி பிடிக்கிற லட்சணத்தைப் பாருடி,
வெளக்கமாறு மாதிரி" என்றாள் லூர்து,
கொஞ்சம் சத்தமாகவே.
முன்னால் நாற்காலியில் கிராணி பெண்சாதி
திரும்பிப் பார்த்தாள்.
"உனக்கென்னடி தெரியும் துப்பாக்கி?"

அப்போது பிடித்தது மழை.
பீடோர் மழை, தகரத்தில்.
பாட்டு போயிற்று, வாத்தியம் போயிற்று.
திரையில் நாற்பது பொம்பளைகள்
வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள்,
கால்கள் மட்டும் ஏறி இறங்குகின்றன.
பையன்கள் விசிலடித்துப் பார்த்து ஓய்ந்தார்கள்.
பக்கத்தில் லூர்துவின் முட்டி ஆடியது.
ஏக். தோ. ஏக். தோ.
நானும் சேர்ந்துகொண்டேன், உதட்டுக்குள்.
அந்த வெள்ளைக் கால்கள்
எங்கள் கணக்குக்கு விழுந்தன.
ஒன்றுகூடத் தப்பவில்லை.

கடைசியில் எல்லோருக்கும் கல்யாணம்.
சார்ஜெண்ட் அம்மாவுக்கும் ஒரு சமையல்காரர் கிடைத்தார்.
பொறாமையாய் இருந்தது, சொன்னால் என்ன.
எங்களை வைத்து எவனாவது படம் எடுத்தால்
தனக்கொடியை எங்கே நிறுத்துவான்?
அவளைப்போல் கும்மி ஆட ஆள் கிடையாது.
சித்தாங் ஆற்றுக்கு அந்தப் பக்கமே
விட்டுவிட்டு வந்தோம்,
போர்வை எங்களுக்கு வேண்டியிருந்ததால்
போர்வைகூட இல்லாமல்.

மழை விட்டதும் ஒன்றும் பேசாமல் நடந்தோம்.
பாதி வழியில் லூர்து,
"அந்தப் பெட்டியிலெல்லாம் என்னதான்டி இருந்திருக்கும்?" என்றாள்.

திங்கள் விடியற்காலை ஐந்து மணி, பெரட்டு.
பரேடைத்தான் நம் வாய் பெரட்டாக்கிவிட்டதாம்,
டிரஸ்ஸர் ஒருமுறை சொன்னார்.
லாந்தர் வெளிச்சத்தில் வரிசை நின்றோம்,
உளியும் வாளியும் காண்டாவுமாக.
பால் காட்டுக்கு நான் போடுவது அந்தக் காக்கிச் சட்டைதான்.
பால் கறை ஏறி ஏறிக் கறுத்துவிட்டது,
எந்தப் பட்டாளத்துச் சட்டை என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

"செங்காயி!"
குதிகால் இரண்டும் தானாய் ஒட்டின.
வெறுங்கால். சத்தம் வரவில்லை.
லூர்துவுக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டது.
"காலையிலேயே என்ன இளிப்பு?" என்றார் மண்டோர்.
"ஒண்ணுமில்லீங்க, முந்தாநாள் படம் பார்த்தோம்."
"ஏழாம் நம்பர் காடு, கடைசி நிரை" என்று
புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.
அங்கேதான் அட்டை அதிகம்.