பின்வாசல்

படிவத்தின் நான்காம் கேள்வி:
தொழிற்கூடத்திலிருந்து துறைமுகம் எத்தனை கிலோமீட்டர்?

பதினோரு வருடமாக ஒரே விடைதான் எழுதினேன்,
ஐந்நூற்றுப் பதினான்கு.
ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிற சாலை.
நடுவில் பனிமான்கள் படுத்துக்கொண்டால்
அவை எழுகிற மட்டும் லாரியும் படுத்துக்கொள்ளும்.

ஐந்நூறைத் தாண்டினால்
வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அரசு கொடுக்கும்.
எட்டாக்கையில் இருப்பதற்குக் கூலி
என்பார் வெய்யோ.
முதலாளி. ஜன்னல் செய்கிறவர்,
மூன்று அடுக்குக் கண்ணாடி வைத்து
ஃபின்லாந்துக் குளிரை வெளியே நிறுத்துகிற ஜன்னல்.
என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர்.
கணக்கு என்னுடையது.

போன ஆகஸ்டில் ஏரிக்குக் குறுக்கே பாலம் திறந்தார்கள்.
அமைச்சர் வந்தார். காப்பி, இலவங்கப்பட்டை ரொட்டி.
பள்ளிப் பிள்ளைகள் பித்தளைக் குழல் ஊதினார்கள்.
ஆஸ்பத்திரி இனிக் கால் மணி கிட்டே என்று
என் தங்கை வயிற்றைத் தடவிக்கொண்டாள்.
நானும் கை தட்டினேன், உள்ளங்கை சிவக்க.

அக்டோபரில் அலுவலகத்திலிருந்து பிர்க்கோ கூப்பிட்டாள்.
நல்ல பெண். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்:
“நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள்.”

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி ஏழு.

முந்நூறு மீட்டர் குறைகிறது.
இந்த முனையில் நின்று விசிலடித்தால்
அந்த முனையில் நாய் திரும்பிப் பார்க்கும்.
அந்தக் கூப்பிடு தூரத்துக்குள்
விழுந்து கிடந்தது நாற்பத்தோராயிரம் யூரோ.
வேறு விதமாகக் கூட்டிப் பார்த்தால்
மெருகுப் பட்டறையில்
முகமூடியைக் கழற்றாமலே சிரிக்கிற சைமா.

வெய்யோ திட்டவில்லை.
வரைபடத்தை மேசைமேல் விரித்து
“உர்ஹோ பழைய வழியிலேயே ஓட்டட்டுமே” என்றார்.
மிகக் குறுகிய வழிதான் செல்லும் என்கிறது விதி.
“அப்போ ஆலையைத்தான் நகர்த்தணும்”
என்றான் உர்ஹோ, சிரிக்காமல்.

இரவெல்லாம் அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.
காலையில் பிர்க்கோவைக் கேட்டேன்:
தொழிற்கூடம் என்றால் எந்த இடம்?
வெளிக்கதவா, பெயர்ப்பலகையா, என் நாற்காலியா?
காகிதம் புரளும் சத்தம். நெடுநேரம்.
சரக்கு ஏறும் வாசல், என்றாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
“அது எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்பதில்லை.”

நவம்பரில் காட்டுப் பக்கத்துச் சுவரை அறுத்தோம்.
ஜன்னல் செய்கிறவர்கள் ஒரு வாரம் கதவு செய்தார்கள்.
சைமாதான் வண்ணம் பூசினாள், இரண்டு கை.
முன்வாசலுக்குப் பலகை அடித்தாயிற்று.
பின்தங்கிய வட்டாரத்துக்குப் பின்வாசல்
என்று எவனோ அதில் சாக்கட்டியால் எழுதியிருந்தான்.
ஒருவரும் அழிக்கவில்லை.

மரக்கிடங்கைச் சுற்றி முந்நூற்று நாற்பது மீட்டர்.
நாடாவைப் பிடித்துக்கொண்டு
நானே பனியில் நடந்து அளந்தேன், இரண்டு தரம்.
நான்காம் கேள்விக்கு இப்போது விடை
ஐந்நூறு புள்ளி பூஜ்யம் நான்கு.

தங்கைக்கு ஜனவரியில் பெண் பிறந்தாள்.
பாலத்தின் மேல்தான் போனோம்.

புதுக்கதவு சரியாகப் பொருந்தவில்லை.
காட்டுக்காற்று அதன் அடியில் புகுந்து
என் மேசைவரை வருகிறது.
கோட்டோடு உட்கார்ந்துதான் கணக்கு எழுதுகிறேன்.
உர்ஹோ வண்டியைக் கிளப்புகிறான்,
கடல் இருக்கிற திசைக்கு முதுகைக் காட்டி,
மரக்கிடங்கு வரைக்கும்.