கடைசியாகச் சரிபார்த்த தேதி

மில்லிங்டனில் கடல் இல்லை.
டென்னஸியின் இந்த மூலையில்
சோயா வயல், பருத்தி அரவை ஆலை,
ஞாயிறுதோறும் நிரம்பும் தேவாலயக் கார் நிறுத்தம்.
ஆனாலும் கடற்படை அதிகாரிகள் அத்தனை பேரும்
என் திரைக்குள் மிதக்கிறார்கள்,
ஆளுக்கு ஒரு வரியாக.

வரியின் கடைசியில் மூன்று மூன்றாய் எழுத்துகள்.
அவைதான் என் வேலை.
பனிக்கடலில் கப்பல் செலுத்தியவருக்கு ஒன்று,
அரபியில் பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒன்று,
கண்ணிவெடி, எரிபொருள், நீதிமன்றம்,
தரைதட்டிய கப்பலை
மறுபடி மிதக்க விட்டவருக்கும் ஒன்று.
பன்னிரண்டு மாதம் முழுசாய்ச் செய்திருந்தால்தான் எழுத்து ஒட்டும்.
பதினொன்றே முக்கால் என்றால்
அந்த மனிதர் அந்த வேலையைச் செய்யவே இல்லை.
இருபத்திரண்டு வருஷமாய் இதைச் சொல்லித்
திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ரோடா ஸ்வேரிங்கன் திட்டவில்லை.
லெப்டினன்ட் கமாண்டர். தொலைபேசியில்
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:
"மிஸ் ஆம்பர்கி, எழுத்தை எடுக்க வழி உண்டா?"

சேர்க்க மூன்று படிவம் இருக்கிறது.
எடுக்க யாரும் கேட்டதில்லை.

அவருடையது எச்-கியூ-எல்.
கையேட்டில் ஒரே வாக்கியம்:
இறந்தவர்களின் உடைமைகளைப் பெற்று, வகைப்படுத்தி,
உறவினருக்கு அனுப்பும் பிரிவை மேற்பார்வையிட்டவர்.
அந்த இடம் காலியாகும்போதெல்லாம்
இயந்திரம் சலித்து ஒரே பெயர் தரும்.
மூன்று முறை போய்விட்டார்.

"கிரீன்லாந்துப் பக்கம் இரண்டு குளிர்காலம் இருந்தேனே,
அதைப் போடுங்களேன்."
ஐந்து மாதம், அப்புறம் ஆறு.
கூட்டினாலும் பதினொன்று.
இருவருமே கொஞ்சம் சிரித்தோம்.

பிறகு ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொன்னார்.
முத்திரை வைத்த பை. பட்டியல் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது,
இனித் திறக்கக் கூடாது.
உள்ளே தினமும் விடிகாலை நாலு நாற்பதுக்கு
அலாரம்.
எந்தக் காவல் முறைக்கு எழுந்திருக்க வைத்தானோ.
முகவரிச் சிக்கலில் பை ஏழு வாரம் அலமாரியில் கிடந்தது.
நாலரைக்கே போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வாராம்.
"யாரும் இல்லாமல் அடித்து ஓய விடக் கூடாதில்லையா."

இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தேடினேன்.
உண்மையாகவே தேடினேன், கையேட்டைப் புரட்டி.

தலையெழுத்தை மேலே யாரோ எழுதுவதாகப் பேச்சு.
இது இரண்டாம் மாடி.
அழிரப்பர் இங்கேயும் கிடையாது.

ஆனால் எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்:
கடைசியாகச் சரிபார்த்த தேதி.
அது காலியாக இருந்தால் சல்லடை அந்த வரியைத் தாண்டிப் போய்விடும்.
புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு
முதல் நாளே நான் சொல்லும் எச்சரிக்கை இது.

வெள்ளிக்கிழமை, பக்கத்து மேசை டுவேன்
சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு
தேதியை எடுத்தேன்.
எழுத்தைத் தொடவில்லை.
தொடவில்லை என்று காரில் இரண்டு தடவை
சத்தமாகவே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை இடம் காலியானது.
சல்லடையில் ஒருவரும் விழவில்லை.
ஒருவரும் விழாவிட்டால், விதி எண் ஒன்பது:
அருகாமை அனுபவம் உள்ளவரை எடு.
பெறுதல், வகைப்படுத்தல், அனுப்புதல்.
இயந்திரம் யோசிக்கக்கூட இல்லை.
சரக்குக் கிடங்கு என்றது.
லெப்டினன்ட் ஏமஸ் த்ரெல்கெல்ட், நார்ஃபோக்,
டயர், பெயின்ட், உருளைக்கிழங்கு, முப்பது மாதம்.

அவரே கூப்பிட்டார். நல்ல குரல்,
பின்னணியில் யாரோ ஃபோர்க்லிஃப்டைப் பின்னுக்கு எடுக்கும் ஓசை.
"என்ன வேலை, மேடம்?"
அந்த ஒரே வாக்கியத்தை வாசித்தேன்.
"எத்தனை நாள்?"

பன்னிரண்டு மாதம் என்றேன்.
கொஞ்சம் பொறுத்து,
பதினொன்று முடிந்ததும் எப்படியாவது கிளம்பிவிடுங்கள் என்றேன்.
ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று
சிரித்தார்.