மணிக்கு ஐம்பத்தெட்டு

கார்த்திகை. விடிய நாலேமுக்கால்.
ஹின்டர்மோஸ் வளைவில்
பால்பண்ணைச் சுவரோரம் நிற்கிற சாம்பல் பெட்டி
என்னைப் பார்த்து ஒருதரம் மின்னியது.
இடி மூன்று கிழமை கழித்துத்
தபாலில் வந்தது:
ஐம்பதில் ஐம்பத்தெட்டு.
நூற்றி இருபது பிராங்க்.

குகதாசன் சிரித்தார்.
"உன்ர முதலாளிக்குத்தானே குடுக்கிறாய்."

உண்மைதான். செவ்வாயும் வெள்ளியும்
அந்த ஊர்க் கந்தோரைக் கூட்டித் துடைக்கிறவள் நான்.
எழுநூறு பேர். கடை இல்லை.
தபாற்கந்தோரும் போய்விட்டது.
பெருஞ்சாலைக்கு ஏறுகிற வாகனமெல்லாம்
ஊடறுத்துப் போக ஒரு தெரு மட்டும் உண்டு.
அதுதான் வயல்.
மாரி கோடை பாராமல் விளையும்.

கணக்காளர் ரெகுலா விட்டுப்போன தாளைத்
தூசி தட்டத்தான் தூக்கினேன்.
(இல்லை, படிக்கத்தான்.)
அடுத்த ஆண்டு வரவு.
நாய் வரிக்குக் கீழே தண்டப்பணம்:
இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
இன்னும் பிந்தாதவர்களின் பிந்தலுக்கு,
இன்னும் கார் வாங்காதவனின் அவசரத்துக்கு
இப்போதே இடம் ஒதுக்கியிருந்தார்கள்.
பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

கேள்விக்குறிதான் வென்றது.
ஆட்களுக்குப் பழகிவிட்டது.
கைபேசியும் முந்நூறு மீற்றருக்கு முன்னமே
காட்டிக் கொடுத்துவிடுகிறது.
பெட்டிக்கு முன்னால் எல்லாரும் நல்ல பிள்ளைகள்,
பெட்டி தாண்டினால் பழைய பிள்ளைகள்.

தை மாதம் ரெகுலா
கோப்பி ஊற்றித் தந்து, கதிரையில் இருத்தி,
கப்பைப் பார்த்தபடி சொன்னார்:
இனி செவ்வாய் மட்டும்.

என் வெள்ளிக்கிழமையை
யார் யாரோ
ஒழுங்காக ஓட்டியே
கொண்டு போய்விட்டார்கள்.

இன்றைக்கும் அதே வளைவு.
முள் ஐம்பதில் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது.
பெட்டியைத் தாண்டியதும் எதிரே ஒரு வெளிச்சம்
இறக்கத்தில் விழுந்தடித்து வருகிறது.

வழக்கமாக முன்விளக்கை இருதரம் வெட்டுவேன்.
இங்கே அதுவும் குற்றம். ஆனாலும்
முகம் தெரியாத ஒருத்தருக்கு
இந்த நேரத்தில் வேறென்ன செய்ய முடியும்?

விரல் தடியில்தான் இருந்தது.
எந்த வெதுப்பகத்து ஆளோ,
இரவு வேலை முடித்த எந்த நேர்ஸோ.
வா ராசா, வா,
உனக்கும் நேரம் போய்விட்டதாக்கும்.

பின்கண்ணாடியில் பார்த்தேன்.
பால்பண்ணைச் சுவர்
ஒரு கணம் பட்டப்பகலாகி
அணைந்தது.