ஓடை

மேல்விஷாரத்தில் பாங்கு முடிந்து
பால் பாக்கெட் வருவதற்குள்
எனக்கு நூற்று முப்பத்தேழு வந்திருக்கும்.
படிக்காதவை. எல்லாம் தடித்த எழுத்தில்.

ஆபீஸில் அதன் பெயரைச் சொல்வதில்லை.
ஒருமுறை சொன்னேன்.
அந்த மூன்றெழுத்தைக் கேட்டதும்
கேண்டீனில் டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன.
"இன்னா மேடம், நீங்களா?" என்றார் முனிரத்தினம்.
அன்றிலிருந்து ஓடை என்கிறேன்.
பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு
ஓடை என்று சொல்லவும்
கொஞ்சம் துணிச்சல் வேண்டும்தான்.

தோலுக்கு எது ஆகாது என்று
கடலுக்கு அப்பால் யாரோ கூடி முடிவு செய்கிறார்கள்.
இந்த வாரம் ஒரு சாயம்.
அடுத்த வாரம் ஒரு பசை.
அவர்கள் எழுந்து கோட்டு மாட்டுவதற்குள்
என் கைப்பேசியில் ஒரு வரி.
ஹபீப் சாருக்கு அதே சேதி
பதினைந்து நாள் கழித்து
ஆம்பூரிலிருந்து யாரோ அனுப்பி
வாட்ஸ்அப்பில் வரும், சிவப்பு அம்புக்குறிகளோடு.
"பார்த்தியாம்மா?" என்பார்.
பார்த்தேன் சார்.
உங்கள் மேஜையில்தான் இருக்கிறது,
பேப்பர் வெயிட்டுக்குக் கீழே.

எனக்குப் பிடித்தது அதன் வரிசை.
ரேஷன் கடையில் பை வைத்து இடம் பிடித்ததுபோல
வந்தது வந்த இடத்தில் நிற்கும்.
காசு கொடுத்து யாரும் முன்னால் போக முடியாது.
நேற்று நான் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று
அதற்குத் தெரியாது.
பச்சைத்தோல் விலை,
சிப்காட்டில் மின்தடை,
காட்பாடியில் நேரம் மாறிய ரயில்,
வேலூர் நூற்றெட்டு டிகிரி,
அதை ஒட்டியே ரோட்டர்டாமில் மழை, கப்பல் தாமதம்.
எல்லாம் ஒரே உயரம்.

கழித்துக்கொண்டும் வருகிறேன்.
நாளைக்கு எண்பது முறை கத்தும் சேனல் ஒன்றை
ரம்ஜானில் நிறுத்தினேன்,
பெருநாள் கழிந்தும் சேர்க்கவில்லை.
வேலை காலி என்று சொல்லும் ஓடை ஒன்றும் உண்டு,
கான்பூர், சென்னை, ஒருமுறை போர்ச்சுகல்.
அதை யாருக்கும் காட்டுவதில்லை.

பிறகு, பதினான்காம் எண் கிணறு.
ஆற்றோரம் நிலத்தடி நீர் அளக்கும் கருவி
காலை ஆறு மணிக்கு ஒரு வரி அனுப்பும்.
மூன்று வருடமாக அதே வரி:
அளவு இல்லை.
அளவு இல்லை.
கருவி கெட்டதா கிணறு வற்றியதா,
அது சொல்லாது.
பயனற்றவை என்று பட்டியல் போட்டு
நீக்கவா என்று ஆப்பே கேட்டது.
வேண்டாம் என்றேன்.
தினமும் நேரத்துக்கு எழுந்து
தன்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல
எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

ஐப்பசிக் கடைசி. மூன்று நாள் மழை விட்டு
ஒரு வியாழக்கிழமை:
நீர்மட்டம் 11.4 மீட்டர்.

அதோடு மூடி வைத்தேன்.
தினமும் கடக்கிற ஆற்காட்டுப் பாலத்தில்
அன்று வண்டியை நிறுத்தினேன்.
எனக்கு முன்பே இருபது வண்டிகள்,
கைப்பிடிச் சுவர் நெடுக முழங்கைகள்.
கீழே செம்மண் நிறம். ஓரமாக நுரை
(நுரை எங்கிருந்து என்று எனக்குத் தெரியும்).
ஒற்றைச் செருப்பு. தெர்மாகோல்.
இலையும் பூவுமாய் ஒரு முருங்கைக் கிளை.
"தண்ணி வந்துகினு கீதுப்பா" என்று
போனில் ஒருவர் கத்தினார்.
எதிர்முனையில் கேட்கவில்லை போல,
திரும்பத் திரும்பச் சொன்னார்.
எனக்கு ஒவ்வொரு முறையும் கேட்டது.

ஆபீஸ் சேரப் பதினொன்று.
ஓடையில் இருநூற்றுப் பன்னிரண்டு.
அடியில், கிணற்றின் வரிக்கு நேர் மேலே,
ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு வந்து கிடந்தது:
உள்தோலில் ஃபார்மால்டிஹைடு,
வரம்பு பாதியாகக் குறைப்பு.
ஐந்து மணி நேரத் தாமதம்.
கம்பெனியில் இன்னும் நான்தான் முதல்.

பிரிண்ட் எடுத்து நின்றேன், துப்பட்டா நுனியில் சேறு.
"இன்னா மேடம், சேதி எதனா கீதா?"
வாயில் வந்துவிட்டது:
பதினொன்று புள்ளி நான்கு.
முனிரத்தினம் தடிமன் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு
எழுந்தே விட்டார்.
"அவ்ளோவா? எந்தத் தோலு மேடம்?"